வினைத்திட்ட மென்பொருளைத் தெரிந்தெடுத்தல்
சிறு கட்டட ஒப்பந்தகாரர்க்கு ஒரு பாடம்

கம்பளை அரசர் தலைநகராய் விளங்கிய 14 ஆம் நூற்றாண்டிலே, 1344 ஆம் ஆண்டளவில், உடுநுவரைப் பகுதியில் இரண்டு பெருங் கட்டடங்கள் எழுந்தன. ஒன்று கடலாதெனிய விகாரை. மற்றையது லங்காதிலக விகாரை. கடலாதெனியாவைக் கட்டிய தலைமைச் சிற்பியார் கணேஸ்வராசாரி என்னும் தென்னாட்டவர் என்பதை அங்குள்ள கல்வெட்டால் அறிகிறோம். லங்காதிலகப் பாறையிலோ சிங்களத்திலும் தமிழிலும் சாசனங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இன்னார் செய்வித்தனர், இன்ன நிலம் அளித்தனர் என்னும் செய்திகள் பாறையில் எழுதப்பட்டமையால், ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் கழிந்தும் அவற்றைப் பற்றி வழக்காடுவார் இலர்.

இன்று நம் ஊரில் வீடும் கடையும் கட்டுவிக்கும் சிறு ஒப்பந்தகாரர் தம் கணக்கை எங்கே எழுதுகின்றார்? சட்டைப் பையிலுள்ள சிறு கொப்பியிலும், சீமெந்துப் பையின் கிழிந்த தாளிலும், கைத்தொலைபேசியில் அனுப்பும் குறுஞ்செய்தியிலும் எழுதுகின்றார். எஞ்சியது அவர் நினைவிலே இருக்கின்றது. அவ்வாறு எழுதுவதால் வரும் இடரையும், அதனை நீக்கும் கருவியைத் தெரிந்தெடுக்கும் முறையையும் இக்கட்டுரையிலே ஆராய்வோம். தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று பழைய மாணவ அன்பர் சிலர் வினவக்கூடும். இப்பொருளை எம்மிடம் கொணர்ந்தவரும் ஒரு பழைய மாணவரே என்பது எமது விடை.

மாணவர் ஒருவரின் இடர்

அவர் எம்மிடம் தமிழ் கற்றவர். இப்பொழுது ஆறேழு தொழிலாளரை வைத்து வேலை எடுத்துச் செய்பவர். 2021 ஆம் ஆண்டின் இறுதியில், பிறர் சொற்கேட்டு, வெளிநாட்டு மென்பொருள் ஒன்றை ஆண்டுச் சந்தா செலுத்திப் பெற்றார். சந்தா டொலரிலே குறிக்கப்பட்டிருந்தது. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. ஆகவே, மறுசந்தா செலுத்தும் நாள் வந்தபோது முன்னையிலும் முக்கால் பங்கு மேலதிகமாகச் செலுத்த வேண்டியதாயிற்று. அதுவும் பொறுக்கத்தக்கதே. ஆனால், அவரிடம் மேற்பார்வையாளராய் இருந்தவர் ஆங்கிலத் திரையைக் கண்டு அஞ்சி அம்மென்பொருளை ஒருநாளும் திறந்திலர். எனவே, சந்தாவைக் கைவிட்டுக் கொப்பிக்கே மீண்டனர்.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின் பெருமழை பெய்தபோது மகாவலி கரைபுரண்டு நகரின் தாழ்ந்த பகுதிகளுட் புகுந்தது. அவருடைய அலுவலக அறையும் நீருள் அமிழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆயினும், மூன்று வேலைகளுக்குரிய கொப்பிகள் கூழாய்விட்டன. அவ்வேலைகளுள் ஒன்றில், வீட்டின் பின்புறச் சரிவைத் தாங்க மேலதிகமாக ஒரு மதில் கட்டும்படி வீட்டுக்காரர் வாய்மொழியாகக் கூறியிருந்தார். அதன் நீளமும் உயரமும் நாளும் கொப்பியில் மட்டுமே இருந்தன. வீட்டுக்காரரும் பொய்யர் அல்லர். அவர் நினைவிலிருந்த கணக்கு ஒன்று, இவர் நினைவிலிருந்த கணக்கு மற்றொன்று. ஈற்றில் இவர் குறைந்த தொகைக்கே உடன்பட்டார். தொழிலாளர் கூலியைக் குறைக்க மனம் ஒப்பாமையால் மனைவியின் சங்கிலியை அடகு வைத்தார். டிசம்பர் விடுமுறையில், காய்ந்து விறைத்த கொப்பி ஒன்றைக் கையிலேந்தி, “சேர், இனி எதை நம்பி எழுதுவது?” என்று அவர் கேட்டார். அவ்விடுமுறையை யாம் இருவரும் இந்த ஆராய்ச்சியிற் கழித்தோம்.

வினைத்திட்டக் கலையின் வரலாறு

வேலையைப் பகுத்து, ஒன்றன்பின் ஒன்றாகவும் ஒன்றோடு ஒன்றாகவும் நிரற்படுத்தும் கலை கணினிக்கு முற்பட்டது. போலந்து நாட்டுப் பொறியியலாளரான கரோல் அதாமியெட்ஸ்கி 1896 இலேயே இவ்வகை வரைபடம் ஒன்றை வகுத்தார். அமெரிக்கரான ஹென்றி கான்ட் 1910 ஆம் ஆண்டுகளில் இதனைப் பரப்பினார். நாட்களைக் குறுக்காகவும் வேலைகளை நெடுக்காகவும் எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை வரையும் அப்படம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1957 இல் டூபொன் நிறுவனத்தைச் சேர்ந்த மோர்கன் வோக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெலியும் கூடி, கணினியின் துணைகொண்டு, ஒரு வேலைத்தொகுதியில் தாமதம் பொறுக்காத வழி எது என்று காணும் முறையை வகுத்தனர். அடுத்த ஆண்டில் அமெரிக்கக் கடற்படை தன் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்கு இதனையொத்த வேறொரு முறையைக் கையாண்டது. மைக்ரோசொப்ட் புரொஜெக்ட் 1984 இல் வெளிவந்தபின் இக்கலை மேசைக் கணினிக்கு வந்து சேர்ந்தது. ஏவுகணைக்கும் ஆலைக்கும் பிறந்த கலை கம்பளையிலே மூன்றறை வீடு கட்டுவார்க்கும் பயன்படுமோ எனின், படும். அதனை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்க.

ஒரு சிறு கணக்கு

ஒரு சிறு வீட்டுக்குப் பின்வரும் வேலைகள் உள்ளன எனக் கொள்வோம். நாட்கள் யாவும் விளக்கத்தின் பொருட்டு யாம் கொண்டவை.

அத்திவாரம் – 12 நாள்.
சுவர் எழுப்புதல் – 18 நாள், அத்திவாரம் முடிந்தபின்.
கூரை மரமும் தகடும் வரவழைத்தல் – 21 நாள். முதல் நாளே சொல்லிவைக்கலாம்.
கூரை வேய்தல் – 8 நாள். சுவர் முடிந்து, தகடும் வந்தபின்.
பூச்சு – 10 நாள், கூரை முடிந்தபின்.
தச்சுப் பட்டறையில் கதவு செய்வித்தல் – 25 நாள். முதல் நாளே சொல்லிவைக்கலாம்.
கதவு பொருத்துதல் – 4 நாள். பூச்சு முடிந்து, கதவும் வந்தபின்.

எல்லாவற்றையும் கூட்டினால் 98 நாள் வரும். ஆனால், சில வேலைகள் ஒரே காலத்தில் நடைபெறுவன. அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு, பொருத்துதல் என்னும் வரிசையைக் கூட்டுக: 12, 18, 8, 10, 4, ஆக 52 நாள். வீடு 52 நாளில் முடியும். இவ்வரிசையில் ஒருநாள் பிந்தினும் சாவி கையளிக்கும் நாள் ஒருநாள் பிந்தும். கதவோ 25 ஆம் நாளில் ஆயத்தமாகும். அது வேண்டப்படுவது 48 நாள் கழிந்தபின்னரே. ஆகவே, தச்சருக்கு 23 நாள் தளர்வு உண்டு. அவருக்கு நாள்தோறும் தொலைபேசியெடுத்துச் சினப்பதால் ஒரு பயனும் இல்லை.

கூரைத் தகட்டுக்குத் தளர்வு 9 நாள் மட்டுமே. 30 ஆம் நாளில் அது களத்தில் இருத்தல் வேண்டும். ஒப்பந்தகாரர், “அத்திவாரம் முடியட்டும், பிறகு சொல்லுவோம்” என்று 12 நாள் காத்திருந்தாராயின், தகடு 33 ஆம் நாளிலேயே வரும். மூன்று நாள் ஆட்கள் சும்மா இருப்பர். கூலி மட்டும் ஓடும். எம் மாணவர் இக்கணக்கைத் தம் பழைய வேலை ஒன்றின்மேல் வைத்துப் பார்த்துச் சற்று நேரம் பேசாதிருந்தார். மழைமேல் பழிபோட்டு வந்த தாமதத்தில் ஒரு பகுதி மழையால் வந்ததன்று என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

இக்கணக்கைத் தாளிலே செய்யலாம். ஆனால், மழையால் அத்திவாரம் ஐந்து நாள் பிந்தியவுடன் தாள் முழுவதையும் அழித்து எழுத வேண்டும். மென்பொருள் அதனை நொடியில் திருத்தித் தரும். மென்பொருளின் முதற் பயன் இதுவே. வேலையின் சான்றுகளைத் தேதியோடு காத்துவைத்தல் இரண்டாவது பயன்.

தெரிந்தெடுக்கும் முறை

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன 48, 49, 50 ஆம் அதிகாரங்கள். தெரிந்துவினையாடல் 52 ஆம் அதிகாரம். அரசனுக்கு வகுத்த அத்தலைப்புகள் நான்கும் ஒப்பந்தகாரருக்கும் பொருந்துவனவாகக் கண்டு, அவற்றையே எமது ஆராய்ச்சிக்கு வரம்பாகக் கொண்டோம்.

முதலாவது, வலியறிதல். ஒரே காலத்தில் எத்தனை வேலைகள் நடைபெறுகின்றன? ஒன்றோ இரண்டோ எனின் பெருங்கருவி வேண்டியதில்லை. பிரைமவேரா என்னும் மென்பொருள் அணைக்கட்டு, நெடுஞ்சாலை போன்ற பெருவேலைகளுக்கு உரியது. மேல் கொத்மலையில் மின்னிலையம் அமைப்பார்க்கு அது தகும். மதில் கட்டுவார்க்கு அது சுமையே. அமெரிக்காவிற் தோன்றிய புரோகோர், பில்டர்டிரெண்ட் என்பன கட்டடத் தொழிலுக்கென்றே ஆக்கப்பட்டவை. வரைபடம், நிழற்படம், விலைமனு, வாடிக்கையாளர் கடிதம் யாவற்றையும் ஓரிடத்தில் வைப்பன. சிறப்புடையனவே, ஆயினும், அந்நாட்டுத் தொழில்முறைக்கும் வருவாய்க்கும் ஏற்ப அமைந்தவை.

இரண்டாவது, காலமறிதல். இஃது இருவகைத்து. இன்று செலுத்தும் விலையை மட்டும் பாராது, மூன்றாண்டில் செலுத்தப்போகும் தொகையைக் கணக்கிட வேண்டும். அயல்நாட்டு நாணயத்தில் விலை குறிக்கப்பட்டிருப்பின் 2022 ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். அன்றியும், புதிய கருவியை நடுவேலையில் தொடங்குதல் ஆகாது. வைகாசி தொடங்கிப் பெய்யும் தென்மேல் பருவமழையிலே கொங்கிறீட் போடும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் மேற்பார்வையாளருக்குப் புதுப் பாடம் படிக்க நேரம் ஏது? சிறு வேலை ஒன்றன் முதல் நாளே தொடங்குவதற்கு உரிய நாள்.

மூன்றாவது, இடனறிதல். நம் ஒப்பந்தகாரர் நகரில் மட்டும் வேலை செய்வதில்லை. தோட்டப் பிரிவுகளிலும் மலைச்சரிவுகளிலும் செய்கின்றார். அங்கே தொலைபேசி அலை எட்டாத இடங்கள் உண்டு. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியதையும் மறந்திலோம். ஆகவே, இணையம் இல்லாதபோதும் எழுதக்கூடியதாய், இணையம் வந்தபின் தானே பிரதியைச் சேர்க்கக்கூடியதாய் உள்ள கருவியே மலைநாட்டுக்கு ஏற்றது. மொழியும் இடத்தின் பாற்பட்டதே. ஒரே களத்தில் தமிழர், சிங்களர், முஸ்லிம்கள் கூடி வேலை செய்யும் ஊர் நமது. மேசன் பாசுக்குப் புரியாத பெயரால் வேலையைக் குறித்தால் ஏடு பொய்யாகும். யுனிகோட் எழுத்துமுறையை ஏற்கும் மென்பொருளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதலாம். திரையிலுள்ள கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாயினும், வேலையின் பெயரை, “பின்மதில் – இரண்டாம் வரிசை” என்று நம் மொழியில் எழுதத் தடையில்லை. எம் மாணவருடைய மேற்பார்வையாளரின் அச்சம் தீர்ந்தது இவ்வாறே.

நான்காவது, தெரிந்துவினையாடல். இதனை யார் எழுதுவார்? இவ்வினாவுக்கு ஒருவர் பெயரை விடையாகச் சொல்லமுடியாத இடத்தில் எம்மென்பொருளும் வீணே. மாலையில் ஆட்கள் கலையுமுன் பத்து நிமிடம் ஒதுக்கி, வந்தவர் எத்தனை பேர், வந்த மணல் எத்தனை கியூப், முடிந்த வேலை எவ்வளவு, வீட்டுக்காரர் புதிதாகச் சொன்னது யாது என்னும் நான்கையும் எழுதும் ஒருவர் வேண்டும். அவர் கல்வியிற் பெரியவராயிருத்தல் வேண்டா, ஒழுங்குடையவராயிருத்தல் வேண்டும்.

கருவிகளின் வகை

யாம் பரிசோதித்தவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, விரிதாள். எக்செல் பலர்க்கும் அறிமுகமானது. லிப்ரே ஒபிஸ் விலையின்றிக் கிடைப்பது. தமிழ் இடைமுகமும் உடையது. நான்கு தாள்கள் போதும்: வேலையும் நாளும் ஒன்று, பொருளும் விலையும் ஒன்று, ஆள்வரவும் கூலியும் ஒன்று, மேலதிக வேலையும் அதற்கு வீட்டுக்காரர் தந்த உடன்பாடும் ஒன்று. குறை யாதெனின், ஒரு வேலை பிந்தினால் அதனைச் சார்ந்த வேலைகள் தாமாக நகரா. நாமே சூத்திரம் அமைக்க வேண்டும்.

இரண்டாம் வகை, பட்டைப்பட மென்பொருள். மைக்ரோசொப்ட் புரொஜெக்ட் விலைக்குரியது. 2003 முதல் வெளிவரும் கான்ட் புரொஜெக்டும், 2012 இல் வெளிவந்த புரொஜெக்ட் லிப்ரேயும் நம் கணினியிலேயே வைத்து விலையின்றிப் பயன்படுத்தத்தக்கவை. முன் சொன்ன 52 நாட் கணக்கைக் கான்ட் புரொஜெக்டில் இட்டபோது, தாமதம் பொறுக்காத வழியை அது தனியாகக் காட்டிற்று. புரொஜெக்ட் லிப்ரே, மைக்ரோசொப்ட் புரொஜெக்டிலே செய்த கோப்புகளைத் திறக்கவல்லது; ஆதலின், பெரிய நிறுவனமொன்றின்கீழ் உட்குத்தகை எடுப்பார்க்கு உதவும். இவை நாட்கணக்குக்கு ஏற்றவை. களத்திலிருந்து நாட்குறிப்பு எழுத ஏற்றவையல்ல.

மூன்றாம் வகை, அட்டைப்பலகை. 2011 இல் வெளிவந்த டிரெல்லோ இதற்கு எடுத்துக்காட்டு. செய்யவேண்டியது, நடைபெறுவது, முடிந்தது என்னும் மூன்று நிரல்களில் வேலை அட்டைகளை நகர்த்தலாம். கைத்தொலைபேசியால் படம் எடுத்து அட்டையிற் சேர்க்கலாம். கற்பதற்கு எளிது. அளவான பயனுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆயின், கணக்கு அதிலில்லை.

பலரும் வட்ஸ்அப் குழுவையே வினைத்திட்டமாக நம்பியிருக்கின்றனர். அது சொல்லை விரைவாகக் கொண்டுசெல்லும், ஒழுங்காக அடுக்கிவைக்காது. நூறு காலை வணக்கங்களுக்கிடையே மதிலின் அளவைத் தேடுவது வைக்கோற் போரில் ஊசி தேடுவதேயாம். குழுவில் வந்த உடன்பாட்டை அன்று மாலையே ஏட்டிற் சேர்த்துவிடுதல் நன்று.

விலை கொடுக்குமுன் கேட்கவேண்டியவை

விற்பவரிடம் மூன்று வினாக்கள் கேட்க வேண்டும். நாம் எழுதியவற்றை முழுதாக வெளியே எடுத்து வேறிடத்தில் வைக்க முடியுமா? சந்தாவை நிறுத்தினால் பழைய பதிவுகள் நம் கையில் இருக்குமா? இரண்டு வாரம் விலையின்றிச் சோதிக்கலாமா? முதல் இரண்டுக்கும் தெளிவான விடை கிடைக்காவிடின், அக்கருவி எத்துணை அழகியதாயினும் விலக்குக. நம் கணக்கு பிறர் வீட்டுப் பெட்டியிற் பூட்டிக் கிடத்தல் ஆகாது.

பிரதியைப் பற்றியும் ஒன்று கூறுவோம். ஒரே மேசையில் உள்ள கணினியும் அதனருகே வைத்த சேமிப்புக் கருவியும் ஒரே வெள்ளத்தில் மூழ்கும். ஆகவே, ஒரு பிரதி இணையச் சேமிப்பிலோ, மேட்டுநிலத்திலுள்ள உறவினர் வீட்டிலோ இருத்தல் வேண்டும். வாரந்தோறும் வெள்ளிக்கிழமை கூலி கொடுத்தபின் பிரதி எடுத்தல் என்னும் வழக்கம் மறவாமைக்கு உதவும்.

மின்னணுப் பதிவு சான்றாகுமா என்று சிலர் ஐயுறுவர். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், ஒரு பதிவு மின்னணு வடிவில் உள்ளது என்ற காரணத்தால் மட்டும் அதன் சட்ட வலிமை மறுக்கப்படாது என்று கூறுகின்றது. எனவே, மேலதிக வேலைக்கு வீட்டுக்காரர் குறுஞ்செய்தியால் தந்த ஒப்புதலும், தேதியோடு கூடிய படமும் காக்கத்தக்கனவே.

தொழிலாளர் நலமும் இதில் அடங்கியுள்ளது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்கொள்வோர் நூற்றுக்கு 12 உம், தொழிலாளர் 8 உம், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்கொள்வோர் 3 உம் செலுத்த வேண்டும். ஆள்வரவு ஏடு ஒழுங்காயிருப்பின் இக்கணக்கு மாதமுடிவில் எளிதாகும். மேசனாய் முப்பதாண்டு உழைத்தவர் முதுமையில் வெறுங்கையராய் நிற்பதற்கு, ஏடு எழுதாமையும் ஒரு காரணமாதல் கூடாது.

எமது முடிபு

ஒன்றிரண்டு வேலைகள் மட்டும் உடையவர் விரிதாளோடு தொடங்குக. வேலை மூன்று மாதத்திற்கு மேற்படின் கான்ட் புரொஜெக்ட் போன்ற விலையில்லாக் கருவியை நாட்கணக்கிற்குச் சேர்த்துக்கொள்க. களங்கள் இரண்டாகி மேற்பார்வையாளரும் இருவரானால் அட்டைப்பலகையையும் சேர்க்கலாம். இவற்றை ஓராண்டு ஒழுங்காகக் கையாண்டு, இன்ன குறையால் இத்தனை ரூபா இழந்தோம் என்று காட்ட முடிந்தபின், அக்குறையைத் தீர்க்கும் மென்பொருளை விலைக்கு வாங்குக. குறையை அறியாமல் வாங்கிய மருந்து நோயைத் தீர்க்காது.

எம் மாணவர் இப்பொழுது விரிதாளும் பட்டைப்படமுமாக ஒரு சிறு வேலையை நடத்துகின்றார். ஆங்கிலத் திரைக்கு அஞ்சிய மேற்பார்வையாளரே மாலைதோறும் தமிழில் எழுதுகின்றார். சென்ற மாதம் வீட்டுக்காரர் ஒரு படிக்கட்டை மாற்றும்படி கூறியபோது, அளவையும் விலையையும் அன்றே எழுதி அனுப்பி ஒப்புதல் பெற்றனர். பெரிய தொகையன்று, எனினும், இருவரும் முகம் கோணாமல் தேநீர் அருந்திப் பிரிந்தனர் என்று அவர் சொல்லக் கேட்டு மகிழ்ந்தோம். அடகு வைத்த சங்கிலி இன்னும் மீளவில்லை. மீட்கும் நாளையும் விரிதாளில் ஒரு வரியாக எழுதிவைத்திருக்கின்றார்.

எமது கல்லூரியில் எழுத்தும் எண்ணும் பயின்று, நாடெங்கும் வீடும் பாடசாலையும் எழுப்பிவரும் பழைய மாணவர் பலர். அவர்கள் தாம் கட்டுவதோடு அமையாது, கட்டியதை எழுதியும் வைப்பாராக. இன்று வகுப்பிலிருக்கும் மாணவர்கள் விடுமுறையில் ஒருநாள் தம் தந்தையாரின் அல்லது மாமனாரின் கொப்பியை வாங்கி, அதனை விரிதாளில் ஏற்றிக் கொடுப்பார்களாயின், இம்மலரில் யாம் எழுதிய பாடம் பயன்பெற்றதாகும்.